வயிற்றில் புளி, வாயில் இங்கிலீஷ்

அவர் எங்கள் கேற் வாசலில் வந்து இறங்கியபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. சித்திரை மாதத்தில் திருகோணமலையில் அப்படி ஒரு மழை பெய்யவே கூடாது. ஆனால் பெய்தது. ஓட்டோவுக்குள் இருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண், முதுகில் பெரிய பையோடு, நீலச் சட்டை தோளில் ஒட்டிப்போக இறங்கினார். நான் குடையை விரித்துக்கொண்டு ஓடினேன். இரண்டு கிழமையாகப் பாடமாக்கி வைத்திருந்ததை ஓடுகிற ஓட்டத்திலேயே எடுத்து விட்டேன்.

"இற்ஸ் ரெய்னிங் காற்ஸ் அன்ட் டோக்ஸ்!"

அவர் அப்படியே நின்றுவிட்டார். எங்கள் விறாந்தையைப் பார்த்தார். மழைக்கு ஒதுங்கிய தெருநாய்கள் இரண்டு அங்கே சுருண்டு படுத்திருந்தன. நாய்கள் தெரிகின்றன, பூனைகள் எங்கே என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

எனக்குப் பின்னால் தலை துவட்டத் துவாயோடு நின்ற என் மச்சாள், என் வீட்டுக்காரரின் தங்கை குமுதா, என் காதுக்குள் குனிந்தாள். "மச்சாள், இவவுக்கு இங்கிலீஷ் தெரியாது போல கிடக்கு" என்றாள்.

எனக்கு அந்த மழைக்குள்ளும் வியர்த்தது.

குமுதாவைப் பற்றிப் போன கிழமை இதே பக்கத்தில் கிணற்றுக் கதையில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, தன்னை வாயாடி என்று ஊருக்கே காட்டிவிட்டதாக என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் வந்து, அடுத்த கிழமை அந்த வெள்ளைக்கார யானா வந்த கதையை எழுது, ஆனால் உள்ளதை உள்ளபடி எழுது என்று உத்தரவு போட்டாள். உள்ளதை எழுதினால் அவள் இன்னும் பெரிய வாயாடியாகத்தான் தெரிவாள். நான் என்ன செய்ய?

அலுமாரிக்கு மேலே ஒரு சூட்கேஸ்

எங்கள் வீடு உப்புவெளியில், கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை உள்ளே தள்ளி இருக்கிறது. இவர், அதாவது என் வீட்டுக்காரர் சிவா, வளைகுடா நாடான கட்டாரில் ஏசி திருத்துகிற வேலை செய்து அனுப்பிய உழைப்பில் பக்கத்திலேயே நாலு அறை கட்டினோம். அறை கட்டினால் வெள்ளைக்காரர்கள் தானாக வந்து தங்குவார்கள் என்று நினைத்தோம். அவர்கள் கடல் தெரிகிற ஹோட்டலுக்குத்தான் போனார்கள். எங்கள் அறைகளில் இருந்து பார்த்தால் குமுதாவின் கோழிக்கூடுதான் தெரியும்.

இவர் திரும்பி வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மகள் நடக்கத் தொடங்கியதும், முதல் நாள் பள்ளிக்கூடம் போனதும் எல்லாம் இவர் போனில் பார்த்தவை. இப்போது அவள் மட்டக்களப்பில் படிக்கிறாள். அப்பா வீட்டில் இருக்கிற காலத்தில் மகள் வீட்டில் இல்லை. எங்கள் குடும்பத்தின் நேரம் எப்போதும் அப்படித்தான்.

அந்த நேரம்தான் ஐரோப்பாவில் இருந்து ஒரு சின்னச் சுற்றுலாக் கொம்பனி எங்களைத் தொடர்பு கொண்டது. ஹோட்டல்களை விட்டு வீடுகளில் ஆட்களைத் தங்கவைப்பதுதான் அவர்கள் வழக்கம். ஒரு பெண் வந்து இரண்டு இரவு தங்கிப் பார்ப்பார், பிடித்தால் சீசன் முழுக்க ஆள் அனுப்புவோம் என்றார்கள்.

இவர் அதைக் கேட்டுவிட்டுச் சத்தமில்லாமல் ஒரு முடிவு எடுத்தார். கட்டாரில் பழைய கொம்பனி திரும்பவும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. வருகிற பெண் ஓம் என்றால் இங்கே இருப்பது, இல்லை என்றால் மாதம் முடிய முதல் கட்டாருக்குப் பிளேன் ஏறிவிடுவது. அவ்வளவுதான். சண்டையும் இல்லை, கதையும் இல்லை. அலுமாரிக்கு மேலே இவருடைய கறுப்புச் சூட்கேஸ், விமானத்தில் ஒட்டிய துண்டுகூடக் கிழிக்காமல், அப்படியே இருந்தது. நான் ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டுதான் எழும்புவேன்.

ஆகவே அந்தப் பெண்ணுக்கு எங்களைப் பிடித்தே ஆகவேண்டும். அதற்கு நானும் குமுதாவும் கண்டுபிடித்த வழிதான் இங்கிலீஷ் மரபுத்தொடர்.

அப்பாவின் ஒரே இங்கிலீஷ்

ஏன் மரபுத்தொடர், சும்மா இங்கிலீஷ் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு இங்கிலீஷ் ரீச்சர் இருந்தார். இலக்கணம் எவரும் படிக்கலாம், மரபுத்தொடர் தெரிந்தவள்தான் இங்கிலீஷ்காரி என்பது அவருடைய கொள்கை. அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். ஊரில் என் வயதுக்காரிகள் யாரையாவது பிடித்து உலுக்கிப் பாருங்கள், கொட்டுகிற மழைக்கு இங்கிலீஷ்காரன் சொல்கிற அந்த நாய் பூனைத் தொடர், "ரெய்னிங் காற்ஸ் அன்ட் டோக்ஸ்" கட்டாயம் விழும்.

எங்கள் வீட்டில் அதற்கு முதலே ஒரு மரபுத்தொடர் இருந்தது. அப்பா துறைமுகத்தில் லோஞ்ச் படகு ஓட்டியவர். கப்பல்காரர்களிடம் பொறுக்கிய ஒரே ஒரு இங்கிலீஷ் அவரிடம் இருந்தது. "ஓல் ஹாண்ட்ஸ் ஒன் டெக்!" கப்பலில் எல்லோரும் மேல்தட்டுக்கு வா, வேலை இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டிலோ விருந்தாளி கேற்றைத் திறந்தால் அப்பா அதைத்தான் கத்துவார். உடனே ஒருவர் கதிரை இழுப்பார், ஒருவர் கிணற்றடிக்கு ஓடுவார், அம்மா அடுப்பில் இன்னொரு சுண்டு அரிசி போடுவா. நான் பெரியவளாகும்வரை அது தமிழ் என்றே நினைத்திருந்தேன்.

குமுதாவுக்கு அந்தக் கதை நல்லாகப் பிடிக்கும். நான் கல்யாணம் முடித்து வந்த புதிதில் இந்த வீட்டிலும் அதைக் கத்தப்போய், பிறகு எல்லோரும் பழகிவிட்டார்கள்.

குசினி வகுப்பு

இரண்டு கிழமை எங்கள் குசினியில் வகுப்பு நடந்தது. குமுதா போனைப் பார்த்து வாசிப்பாள். நான் தேங்காய் துருவிக்கொண்டு அர்த்தம் சொல்லவேண்டும்.

"பீஸ் ஒவ் கேக்" என்றால் மிகச் சுலபமான வேலை. குமுதாவுக்கு அது கொஞ்சமும் ஏற்கவில்லை. கேக் அடிப்பது சுலபமா? கை கழன்று விழும்வரை முட்டை அடிக்கவேண்டும், அதற்குப் பிறகும் நடுவில் குழி விழும். இங்கிலீஷ்காரனுக்குப் புட்டு அவிக்கத் தெரியாததால்தான் அப்படிச் சொல்லிவிட்டான் என்று தீர்ப்பு வழங்கினாள்.

"கொஸ்ற் அன் ஆர்ம் அன்ட் எ லெக்" என்றால் யானை விலை, குதிரை விலை. "வன்ஸ் இன் எ புளூ மூன்" என்றால் அத்தி பூத்த மாதிரி. "ஸ்பில் த பீன்ஸ்" என்றால் இரகசியத்தைப் போட்டு உடைப்பது. "கோல்ட் ஃபீற்" என்றால் கடைசி நேரத்தில் பயந்து பின்வாங்குவது. உப்புவெளி வெயிலில் செருப்பில்லாமல் மணலில் நடந்து பார்த்தவனுக்கு கால் குளிருகிற பயம் வராது என்றாள் குமுதா. நான் சிரித்த சிரிப்பில் துருவலையில் கையை வெட்டிக்கொண்டேன்.

இவர் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போவார். கட்டாரில் பல நாட்டு ஆட்களோடு வேலை செய்தவர். அங்கே "கம்", "கோ", "நோ புரொப்ளம்" மூன்றையும் வைத்துக்கொண்டு ஒன்பது மாடி ஏசியையும் திருத்தலாம் என்பார்.

பாய்ச்சலும் சறுக்கலும்

யானா செக் நாட்டுக்காரி. இங்கிலீஷ் அவருக்கும் எங்களைப் போல இரவல்தான். அது எங்களுக்குத் தெரியாது. வெள்ளைத் தோல் என்றால் இங்கிலீஷ் என்று நினைத்துவிட்டோம்.

தேத்தண்ணி கொடுக்கும்போது குமுதா ஒன்று எடுத்து விட்டாள். இரவுச் சாப்பாட்டில் நான் இரண்டு விட்டேன். இறால் குழம்பைப் பாராட்டினார், நான் "பீஸ் ஒவ் கேக்" என்றேன். அவர் மேசையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நன்றி, வயிறு நிறைந்துவிட்டது, கேக் வேண்டாம் என்றார். நேரத்தோடு அறைக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் காலை முகம் சரியில்லை. கேட்டதற்கெல்லாம் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார். பிறகுதான் சொன்னார், நாங்கள் பேசுவதில் பாதி விளங்காமல், தன்னுடைய இங்கிலீஷ் இவ்வளவு மோசமா என்று இரவெல்லாம் வெட்கப்பட்டாராம். எனக்கு அப்போது அது தெரியாதே. எங்கள் வீடு பிடிக்கவில்லை, எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். குசினிக்குள் வந்து பார்த்தால் இவர் இடியப்பத் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்லாமலே விளங்கிக்கொண்டார். திரும்பி அலுமாரி இருக்கிற அறைப் பக்கம் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து யானாவின் அறையில் இருந்து ஒரு சத்தம். குரங்குகள் கூரை ஓடுகளைப் புரட்டிவிட்டுப் போயிருந்தன. திரும்பவும் பிடித்த மழை நேரே அவருடைய கட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தது.

ஏணியில் ஒரு வாழ்த்து

மழை கொஞ்சம் விட்டதும் இவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியை எடுத்தார். குமுதா ஏணியைப் பிடித்தாள். இவர் இரண்டு படி ஏறியதும் அவளுக்கு என்ன தோன்றியதோ, அண்ணனை நல்லபடியாக அனுப்பவேண்டும் என்று நினைத்திருக்கிறாள்.

"அண்ணா, பிரேக் எ லெக்!"

இங்கிலீஷில் அது வாழ்த்து. மேடையேறுகிறவனைப் பார்த்து, நல்லாகச் செய் என்று சொல்வது. ஆனால் இங்கே ஏறுவது மேடை இல்லை, நனைந்த ஓடு. "பிரேக்" என்றாலும் "லெக்" என்றாலும் என்னவென்று இவருக்கு நன்றாகத் தெரியும். கட்டாரில் வேலைத்தளச் சுவரெல்லாம் கால் முறிந்த எச்சரிக்கைப் படங்கள்தான். இறங்கி வந்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் வெளிக்கிடும்போது எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்கமாட்டோம். போகிறவரும் போறன் என்று சொல்லமாட்டார், போய்விட்டு வருகிறேன் என்று அர்த்தம் வர, போட்டு வாறன் என்றுதான் சொல்வார். அப்படிப்பட்ட ஊரில் ஏணியில் நிற்கிற மனிசனைப் பார்த்துக் காலை முறி என்றால்? எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "வாயைக் கழுவடி, கண்கெட்டவளே" என்று கத்திவிட்டேன். குமுதா உண்மையாகவே கிணற்றடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தாள்.

யானாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், மரபுத்தொடர் ஒன்றும் இல்லாமல், நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தங்கள் நாட்டில் இதே வாழ்த்துக்குக் கழுத்தை முறி என்று சொல்வார்களாம்.

இவர் ஏணியைச் சுவரில் சாத்திவிட்டார். "இண்டைக்கு நான் ஏறேல்லை" என்றார்.

அதற்குள் மழை திரும்பவும் ஊற்றத் தொடங்கியது. கட்டில், மெத்தை, யானாவின் பை எல்லாம் இன்னும் அந்த ஒழுகுகிற அறைக்குள்ளே. என்னை அறியாமல் அப்பாவின் குரலிலேயே கத்தினேன். "ஓல் ஹாண்ட்ஸ் ஒன் டெக்!"

குமுதா வாளியோடு ஓடினாள். இவர் மெத்தையைத் தூக்கினார். திரும்பிப் பார்த்தால் யானா எங்கள் வீட்டுச் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார். ஒழுகுகிற இடத்தில் அதை வைத்துவிட்டு, மேலே பார்த்துச் சொன்னார், தங்கள் ஊரில் இப்படி மழை பெய்தால் தள்ளுவண்டிகள் விழுகின்றன என்று சொல்வார்களாம். நாங்கள் பேய் மழை என்போம் என்றேன். பேயும் தள்ளுவண்டியும் நாயும் பூனையும் எல்லாம் சேர்ந்துதான் அன்றைக்கு எங்கள் கட்டிலில் விழுந்தன.

புளி

எல்லாம் ஒதுக்கியபிறகு யானா குசினிக்குள் வந்து பலகைக் கட்டையில் உட்கார்ந்தார். விருந்தாளியைக் குசினியில் இருத்தக் கூடாது என்று நான் கதிரைக்கு ஓடினேன். வேண்டாம் என்றார். கந்தளாய் ஊர்த் தயிர்ச் சட்டியை நடுவில் வைத்து, தேன் போன்ற இனிப்புப் பாணி ஊற்றிக் கொடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். ஏன் இவ்வளவு பயந்துபோய் இருக்கிறீர்கள், ஒரு ஓடுதானே என்றார்.

பாடமாக்கிய ஒன்றும் வாயில் வரவில்லை. உள்ளே இருந்ததுதான் வந்தது. என் வயிற்றுக்குள் புளியைக் கரைக்கிறது என்றேன், அப்படியே சொல்லுக்குச் சொல் இங்கிலீஷில்.

அவர் பதறிப்போய்த் தன் பையில் இருந்து ஒரு வயிற்றுவலிக் குளிசையை எடுத்தார். நோய் வருத்தம் ஒன்றும் இல்லை, எங்கள் பாஷையில் பயத்துக்கு அப்படித்தான் சொல்வோம் என்றேன். நல்ல செய்தி வந்தால்? என்று கேட்டார். அப்போது வயிற்றில் பால் வார்ப்பார்கள் என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். யார் வார்ப்பார்கள் என்று கேட்டார்.

நீங்கள்தான் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. ஆனால் மற்றதெல்லாம் சொல்லிவிட்டேன். கட்டாரைச் சொன்னேன். மகளைச் சொன்னேன். அலுமாரிக்கு மேலே இருக்கிற சூட்கேஸைச் சொன்னேன். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் வாசலில் இவர், நனைந்த சேட்டோடு நிற்கிறார். எவ்வளவு கேட்டாரோ தெரியாது. திரும்பிப் போய்விட்டார்.

யானா எந்த வாக்கும் தரவில்லை. தயிரை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இதையும் விருந்தாளிகளுக்குக் கொடுப்பீர்களா என்று மட்டும் கேட்டார்.

பின்னேரம் கொடியில் துணி விரிக்கும்போது இவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏன் உதெல்லாம் அவவுக்குச் சொன்னனீர்?"

"வாயில வந்திட்டுது. பொய்யோ சொன்னனான்?"

ஒரு போர்வையின் மற்ற முனையைப் பிடித்து உதறினார். பிறகு போர்வைக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னார். "எனக்கு மட்டும் என்ன, பாலே ஓடுது? எனக்கும் புளிதான்."

கல்யாணம் முடித்த காலம் தொட்டு இவர் வாயில் இருந்து அப்படி ஒன்று நான் கேட்டதில்லை. போர்வை நடுவில் இருந்ததால் நான் அழுததை இவர் பார்க்கவில்லை.

போட்டு வாறன்

அடுத்த நாள் வெயில் எறித்தது. யானா வெளிக்கிட்டார். ஐ ஆம் கோயிங் என்று கையைக் காட்டியதும் குமுதா மறித்துக்கொண்டாள். இந்த வாசலில் அப்படிச் சொல்லக் கூடாது, போட்டு வாறன் என்று சொல்லவேண்டும் என்றாள். அர்த்தத்தையும் சொன்னாள், போனாலும் திரும்பி வருவேன் என்று. யானா ஓட்டோவுக்குள் இருந்தபடி அதைச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு போனார்.

நான் சிரித்தேன். ஆனால் மனதுக்குள் அந்தச் சொல் குத்தியது. இவர் எத்தனையோ தரம் அதே வாசலில் நின்று அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சொன்னபடி வந்தவர்தான். ஆனால் ஒவ்வொரு தரமும் இரண்டு வருடம் கழித்து.

பிறகு செய்தியே இல்லை. நாள் போனது. கட்டார்க் கொம்பனி திரும்பவும் போன் எடுத்தது. இவர் ஓடுகளை மாற்றி, குரங்கு புரட்டாமல் மேலே கம்பிவலை அடித்தார். போவதென்றாலும் கூரையைச் சரிபண்ணிவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். எனக்கு அந்தச் சுத்தியல் சத்தமே பிடிக்கவில்லை.

மாதம் முடிய இரண்டு மூன்று நாள் இருக்கும். காலையில் பொடிப்பொடிச் சூடை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். போனில் செய்தி வந்த மணி அடித்தது. மீன் கையோடுதான் திறந்தேன். யானாவின் செய்தி. முதல் வரி இங்கிலீஷில் இப்படி இருந்தது: தேவி, உங்கள் வயிற்றிடம் சொல்லுங்கள், பால் வருகிறது.

அதற்குக் கீழே சீசன் முழுக்க வருகிற ஆட்களின் விபரம். அதற்கும் கீழே, கூரையைத் திருத்துங்கள், தயிரை மறக்காதீர்கள்.

குமுதாவைக் கூப்பிட்டேன். ஓடி வந்து வாசித்துவிட்டு, இதற்கு ஒரு நல்ல மரபுத்தொடராய்ப் பதில் போடவேணும் மச்சாள் என்று தன் போனைத் தேடத் தொடங்கினாள். நான் பொறுக்கவில்லை. நன்றி, கெதியாக வாருங்கள், சாப்பிடலாம் என்று எழுதி அனுப்பிவிட்டேன். அதைவிட நல்ல இங்கிலீஷ் எனக்கு இன்றைக்கும் வராது.

இவர் போனை வாங்கினார். வாசித்தார். திரும்பவும் முதலில் இருந்து வாசித்தார். பிறகு உள்ளே போனார். அலுமாரிக்கு மேலே எதையோ இழுக்கிற சத்தம் கேட்டது. சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு வந்து விறாந்தையில் வைத்து, ஈரத் துணியால் துடைத்து, விமானத்துண்டைக் கிழித்து எறிந்தார். இப்போது அதற்குள் விருந்தாளிகளின் துவாய்கள் இருக்கின்றன.

"சூடை காணாது" என்றார். "இண்டைக்குப் பெரிய மீன் ஒண்டு வேணும்."

கொடியில் கிடந்த சேட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கேற்றைத் திறந்தார். திறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"போட்டு வாறன்."

பழக்க தோஷம், என் நெஞ்சு ஒருதரம் திக்கென்றது. அரை மணித்தியாலத்தில் வந்துவிட்டார், கையில் ஒரு பாரை மீனோடு.